விருந்தாளிக்கு ஒளித்த வாளி

நான் வேலை செய்கிற இடத்தில் விடிந்ததும் யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை. சாவிக்கொத்தோடு நான் விறாந்தைக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் மூடிய கதவுகளுக்கு உள்ளே இருந்து ஒரே கேள்விதான் வரும்: "இண்டைக்கு ஒராளோ, ரெண்டு பேரோ?"

ரெண்டு பேர் என்றால் அவர்களுக்கு அது பெருநாள். ஒராள் என்றால் ஒரு பெருமூச்சு கேட்கும். சிலவேளை கதவுக்கு ஒரு உதை விழும்.

இது ஜேர்மனியின் நடுப்பகுதியில், பெரிய நகரம் எதற்கும் கிட்ட இல்லாத ஒரு இளையோர் சிறை. களவெடுத்த பொடியள், அடிபிடிப்பட்ட பொடியள், போதைத்தூள் வித்த பொடியள். இரண்டாம் மாடியில் நான் காவல் உத்தியோகத்தர். அந்த மாடியில் இரண்டு உத்தியோகத்தர் நின்றால் அறைக்கதவுகளைத் திறந்துவிடலாம். பொடியள் விறாந்தையில் மேசைப்பந்து விளையாடுவார்கள், சின்னக் குசினியில் முட்டை பொரிப்பார்கள், கொழுவிக்கொள்வார்கள், பிறகு அதே முட்டையைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். ஒருவர் மட்டும் நின்றால் எல்லாக் கதவும் பூட்டு. தனியே நிற்கிறவருக்கு ஏதும் நடந்தால் உதவிக்கு ஆளில்லை என்பதற்காக வைத்த விதி அது. விதியில் பிழை இல்லை. ஆள்தான் இல்லை.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். உணவகத்தில் கோப்பை கழுவினேன், அலுவலகங்களைக் கூட்டினேன். ஜேர்மன் மொழியை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பஸ் சாரதியும் பக்கத்து வீட்டுக்காரியும் சமையல்காரனும் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் படித்தேன். அதனால் இன்றைக்கும் எனக்குச் சனத்தின் கதையில் ஒரு பைத்தியம். யாராவது வாயைத் திறந்து ஒன்றை வடிவாகச் சொன்னால் சாகும்வரை மறக்க மாட்டேன். குடியுரிமை கிடைத்த பிறகு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, இந்த வேலைக்கான தொழிற்பயிற்சியை, இங்கே அதை அவுஸ்பில்டுங் என்பார்கள், செய்து பாஸ் பண்ணினேன். கோயிலில் ஒரு அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நீ ஜெயிலிலயாம், மெய்யோ?" என்று கேட்டா. ஓம் அக்கா, ஆனால் பின்னேரம் வீட்டை போக விடுவினம் என்றேன்.

இங்கே எல்லாரும் கதைப்பது ஜேர்மன்தான். ஆனால் என் நினைவில் எல்லாரும் எங்கட தமிழில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

என்னோடு சோடியாக வேலை செய்கிறவர் வடக்குக் கடற்கரைப் பக்கத்து ஆள். நல்ல உயரம், அதனால் எனக்கு அவர் நெடுவல். அதிகம் பேசாதவர், பேசினால் ஒரு வசனம். ஆள் பற்றாக்குறையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கட சிறையிலயிருந்து தப்பி ஓடுறது உத்தியோகத்தர்மார் மட்டும்தான்." உண்மை. வயது போனவர்கள் ஓய்வில் போனார்கள். புதிதாகப் படித்து வந்த இளம் ஆட்கள் இரவுக்கடமையையும் சனி ஞாயிறையும் கண்டுவிட்டு, பொதி அனுப்புகிற கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மிஞ்சினவர்களில் யாராவது ஒருவருக்கு எப்போதும் காய்ச்சல், வருத்தம். எங்கள் மாடியில் ஒரு இடம் நெடுநாளாகக் காலி. அந்த இடத்துக்கு மற்ற மாடிகளில் இருந்து ஆள் கடன் வாங்கித்தான் ஓட்டினோம்.

கட்டடமும் அப்படித்தான். செங்கல்லில் கட்டின பழைய கட்டடம், குழாய்களுக்குக் கட்டடத்தின் வயது. குளியலறைக் கூரையில் இருந்து தண்ணீர் சொட்டும். மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். சொட்டுகிற இடத்தில் ஒரு நீல வாளி வைத்திருந்தோம். பொடியள் அதற்கு உத்தியோகமே கொடுத்துவிட்டார்கள். அதுதானாம் மூன்றாவது உத்தியோகத்தர்: இரவும் பகலும் கடமையில் நிற்கும், ஒருநாளும் வருத்தம் என்று லீவு எடுக்காது.

இப்படி இருக்கும்போதுதான் பார்வைக் குழு வருகிறது என்று அறிவித்தார்கள். வெளியூர்ப் பொதுமக்களில் நாலைந்து பேர் சேர்ந்த குழு அது. சம்பளம் இல்லை. சிறைக்குள் வந்து பார்த்து, என்ன குறை என்று அமைச்சுக்கு எழுதுவார்கள். தலைவி ஒரு ஓய்வு பெற்ற குழந்தை வைத்தியர். எங்கள் சிறையின் அதிபர் காலைக் கூட்டத்தில் விளக்கமாகச் சொன்னார். காலியாக இருக்கிற இடத்தை நிரப்புவதா, இல்லை வேறு சிறைக்குக் கொடுப்பதா என்று அமைச்சு யோசிக்கிறது. குழு எழுதுவதை வைத்துத்தான் முடிவு. நிரப்பினால் இரண்டாம் மாடியில் கதவுகள் திறக்கும். கொடுத்துவிட்டால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிற மாதிரி கிழமை நாளிலும் ஒராள்தான், கிழமை நாளிலும் பூட்டுத்தான்.

அடுத்த புதன்கிழமை அவர்கள் வருகிறார்கள் என்றதும் எனக்குக் கை துருதுருத்தது.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? கால் உடைந்த கதிரை பின் அறைக்குள் போகும். பக்கத்து வீட்டில் இருந்து நல்ல கதிரை வரும். கிழிந்த திரைச்சீலை கழன்று, கலியாணத்துக்கு வந்த புதுத்துணி தொங்கும். பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுவோம். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, இரத்தத்தில் இருக்கிறது. எங்கள் சிறையின் பெரிய குசினியில் சமைக்கிற அண்ணையும் யாழ்ப்பாணம்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் வருகினம், உழுந்து எவ்வளவு ஊறப்போட வேணும் என்பது.

திங்களும் செவ்வாயும் பொடியளோடு சேர்ந்து விறாந்தையைத் தேய்த்தேன். பூஞ்சணத்துக்கு மேலே, களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்த வெள்ளைப் பெயின்றை அடித்தோம். திருத்த வேலைக்காரரிடம் நல்லபடியாகக் கதைத்து, புதன் காலை மேல்மாடித் தண்ணீரை மூடிவைக்கச் சொன்னேன். சொட்டு நின்றது. வாளியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆள்? அன்றைக்கு லீவில் இருந்தவர்களை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கூப்பிட்டேன். கேட்ட பாவத்துக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டாம் மாடியில் திரும்புகிற பக்கமெல்லாம் உத்தியோகத்தர்.

நெடுவல் விடுமுறை முடிந்து அன்று காலைதான் திரும்பி வந்தார். வாசலில் நின்று சீருடைகளைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார், மேசையில் வடையையும் மரக்கறி ரோல்சையும் பார்த்தார். தான் மாடி மாறி வந்துவிட்டேனோ என்று கேட்டார். நான் அவரையும் ஒரு தட்டை ஏந்த விட்டேன்.

குழு வந்தது. வடையைப் பற்றி நிறையக் கேட்டார்கள். வைத்தியரம்மா குளியலறைக்குள் எட்டிப் பார்த்து, பழைய கட்டடம் என்றாலும் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று என் தோளில் தட்டினா. பிறகு, இங்கே எப்போதும் இவ்வளவு பேர் நிற்பீர்களோ என்று கேட்டா. நெடுவல் வாயைத் திறந்தார். அவர் ஒரு வசனத்தைத் தொடங்குவதற்கிடையில் நான் இரண்டு வசனம் முடித்துவிடுவேன். ஒரு குறையும் இல்லை, எல்லாம் நல்லபடி, நீங்கள் இன்னொரு வடை எடுங்கோ என்றேன். வந்த மனுசி வாசலில் நின்று சுகமோ என்று கேட்டால், எங்களுக்குச் சுகம் என்றுதான் வாயில் வரும். காய்ச்சல் நூற்றி மூன்றில் நின்றாலும் அதுதான் வரும்.

ஒரு பொடியன் மட்டும் அவவிடம் ஏதோ சொல்லப் போனான். அவன் வாய் நிறைய வடை. விழுங்குவதற்கிடையில் அவ போய்விட்டா.

அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெரிய திருப்தி. வந்த சனத்தை வடிவாகப் பார்த்து அனுப்பினோம் என்று பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

சில கிழமை கழித்து அதிபர் காலைக் கூட்டத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். குழு எங்கள் மாடியைப் பாராட்டி எழுதியிருந்ததாம். ஒழுங்கு, சுத்தம், போதிய ஆட்கள். அமைச்சு அதை வாசித்துவிட்டு, நல்லாய் ஓடுகிற மாடிக்கு இன்னொரு ஆள் எதற்கு, கஷ்டப்படுகிற வேறொரு சிறைக்குக் கொடுப்போம் என்று நினைக்கிறது. இன்னும் கையெழுத்து விழவில்லை. விழுந்தால் நெடுவலையும் கீழ்மாடிக்கு மாற்றுவார்கள்.

நெடுவல் தன் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "நீ கழுவின கழுவையில பூஞ்சணம் போகேல்ல. நான்தான் போறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. குசினிக்குப் போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் வெங்காயத்தை வெட்டுகிறதை நிறுத்தாமல், "வடையைப் பற்றியும் எழுதினவையோ, தங்கச்சி?" என்று கேட்டார். நான் முறைத்தேன். பிறகுதான் அவருடைய முகமும் சரியில்லை என்று கண்டேன். இரண்டு பேரும் சேர்ந்துதானே உழுந்து அரைத்தோம்.

மாடிக்கு வந்தபோது பொடியளுக்கு விஷயம் எட்டியிருந்தது. சிறையில் செய்திக்குச் சுவர் இல்லை. யாரும் என்னை ஏசவில்லை. கடைசி அறைப் பொடியன், அதிகம் வெளியே வராத ஒரு மெல்லிய பிள்ளை, இனி எப்போதும் பூட்டோ என்று கேட்டான். பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் ஓம் என்று அர்த்தம், அது தனக்குத் தெரியும் என்றான். அவனை வளர்க்கவென்று அனுப்பின வீடுகளிலும் விடுதிகளிலும் எல்லாரும் பார்ப்போம் என்றுதான் சொன்னார்களாம்.

எனக்கு அழத் தெரியும். ஆனால் அழுவதற்கு முதல் கதைத்துப் பார்க்கிற ஆள் நான். நேரே அதிபரிடம் போனேன். குழுவை இன்னொரு தடவை கூப்பிடுங்கோ என்றேன். அவர் நல்ல மனுசன், ஆனால் கதிரை போய்விடும் என்று பயந்தவர். எங்கள் சிறை மோசம் என்று காட்ட வாருங்கள் என்று தான் எப்படி அழைப்பது என்று கேட்டார். குழுவுக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வர உரிமை இருக்கிறது, ஆனால் அது அவர்களுடைய விருப்பம். அப்படியென்றால் நான் கேட்கலாமோ என்றேன். அவர் யன்னலைப் பார்த்தார். உத்தியோகத்தர் யாரும் குழுவோடு கதைப்பதைத் தன்னால் தடுக்க ஏலாது என்று யன்னலுக்குச் சொன்னார். எனக்கு அது போதும்.

வைத்தியரம்மாவுக்கு அன்று மத்தியானமே தொலைபேசி எடுத்தேன். என்னை அவவுக்கு வடையால் உடனே நினைவு வந்தது. என்ன மாவில் செய்தது என்று கேட்கத் தொடங்கினா. நான் இடையில் மறித்தேன்.

"அம்மா, அண்டைக்கு நாங்கள் உங்களுக்கு விருந்தாளிக்குக் காட்டுற வீட்டைக் காட்டினனாங்கள். நாங்கள் இருக்கிற வீட்டைப் பாக்க வேணுமெண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. சொல்லாமல் வாங்கோ."

கோபம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு கேட்டா, அந்த மூன்று உத்தியோகத்தர் யார் என்று. லீவில் இருந்தவர்கள் என்றேன். சுவர்? பெயின்ற். அவ பெருமூச்சு விட்டா. தன்னுடைய தாயும் பாதிரியார் வருகிறார் என்றால் அழுக்குத் துணியை எல்லாம் பாண் சுடுகிற போறணைக்குள் போட்டு மூடுவாவாம். ஒருநாள் மறந்து அடுப்பை மூட்டிவிட்டாவாம். வருகிறேன் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டா.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டம் தொடங்கியது. ஒன்றையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க வேண்டும். வாளி அதன் இடத்தில். பெயின்றுக்கு உள்ளே இருந்து பூஞ்சணம் திரும்பி எட்டிப் பார்த்தது, அதையும் விட்டுவைத்தேன். வேண்டுமென்று ஊத்தையாக்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி விடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணை ஒவ்வொரு வெள்ளியும் வந்து, ஒரு சின்னக் கேக் மட்டுமாவது செய்து வைக்கட்டோ என்று கேட்பார். ஏலாது அண்ணை என்பேன். வெறுந்தேத்தண்ணியோ என்று கேட்டுவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வாசல் காவலில் இருந்து தொலைபேசி வந்தது. குழுத் தலைவி தனியே வந்திருக்கிறா, மேலே வருகிறா. அன்று நெடுவலைக் கீழே கடமைக்கு எடுத்துவிட்டார்கள். மாடியில் நான் தனி. எல்லாக் கதவும் பூட்டு. அவ ஒவ்வொரு கதவாகத் தாண்டி வர நேரம் எடுக்கும். என் கையில் கூட்டுகிற தும்புத்தடி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. விறாந்தை நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டினேன்.

அவ வந்து கை கொடுத்தா. ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்டா. நான் தனி என்றேன். பொடியளோடு கதைக்க வேண்டும் என்றா. கதவைத் திறக்க என்னால் ஏலாது, திறக்கிறதென்றால் இரண்டாவது ஆள் வேண்டும் என்றேன். அதனால் அவ மூடிய கதவுகளின் சின்ன யன்னலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கதைத்தா. கடைசி அறைப் பொடியனோடு நெடுநேரம் நின்றா. என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. குளியலறைக்குள் போனா. ஒரு சொட்டு அவவின் கழுத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது காலரைத் துடைத்துக்கொண்டு வந்தா. என் கை துவாய்க்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பக்கத்துப் பகுதியில் இருந்து உதவிக்கு அழைப்பு. ஒரு அறையில் குழாய் வெடித்துத் தண்ணீர் ஓடுகிறது, உள்ளே ஒரு பொடியன், அங்கேயும் ஒராள்தான். நான் ஓட வேண்டும். வெளி ஆளை மாடியில் தனியே விட ஏலாது, கூட்டிக்கொண்டு ஓடவும் ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா என்று சொல்லி, அவவைப் படிக்கட்டுப் பக்கம் விட்டேன். மேலே ஒரு இரும்புக்கதவு, கீழே ஒரு இரும்புக்கதவு. இரண்டும் பூட்டு. இப்ப வந்திடுவன் என்றேன்.

இப்ப வர முடியவில்லை. பொடியனை வெளியே எடுத்து, வேறு அறைக்கு மாற்றி, தண்ணீரை மூட ஆள் தேடி, இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்து முடிய கனநேரம் போய்விட்டது. வருகிற வழியில்தான் நினைவு வந்தது: மனுசியைப் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கீழே இருந்து வந்து திறந்துவிடவும் ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

கதவைத் திறந்தேன். அவ படியில் உட்கார்ந்திருந்தா, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு. எழும்பவில்லை. என்னுடைய நனைந்த காற்சட்டையைப் பார்த்தா.

"முதல்ல கத்தினனான்," என்றா. "பிறகு கதவைத் தட்டினனான். பிறகு ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு விளங்கினாப் பிறகு சும்மா இருந்தன். அந்தப் பொடியன் எனக்குச் சொன்னதும் இதேதான், இதே ஒழுங்கில."

நான் அவவுக்குத் தண்ணீர் ஒரு கிளாஸ் கொடுத்தேன். அது உபசாரம் இல்லை, அவவுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

அவ என்ன எழுதினா என்று நான் வாசிக்கவில்லை. அதிபர் சொன்னது மட்டும் தெரியும்: முதல் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அமைச்சில் சந்திப்புக்கு நேரடியாக ஒரு டேர்மின் எடுத்து, போய் உட்கார்ந்து கதைத்தாவாம். கையெழுத்து விழவில்லை. இடம் எங்களுக்கே நின்றது. கோடை முடிய ஒரு புது ஆள் வந்தா. முன்பு பேக்கரியில் வேலை செய்தவ, விடிய எழும்பிப் பழகின பெண், தோள் அகலம், சிரிப்பும் அகலம். நெடுவலும் எங்களோடுதான். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. அடுத்த தடவை ஆட்கள் வரும்போது தன்னை முதலில் கதைக்க விடும்படி கேட்டார். சரி என்றேன், ஆனால் கெதியாய்க் கதைக்க வேணும் என்றேன்.

குளியலறையை இன்னும் திருத்தவில்லை. அதற்குக் காசு வேறு கணக்காம். நானும் அண்ணையும் புதிதாக வந்தவவும் திருத்தித் தரச்சொல்லி மாறி மாறி அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டுக்கொண்டிருக்கிறோம். அதிபர் எங்களைக் கண்டால் இப்போது மற்றப் படிக்கட்டால் இறங்குகிறார். அதுவும் நடக்கும், எனக்குச் சந்தேகம் இல்லை.

புதிதாக வந்தவவும் நானும் சேர்ந்து கடமையில் நின்ற முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவுகளைத் திறந்துகொண்டு போனோம். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொடியள் பந்து மட்டைக்கு ஓடினார்கள். கடைசி அறைக்கு வந்து திறந்தேன். அந்தப் பிள்ளை கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். வெளியே வாறியோ என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இல்லை என்று. அப்போ பூட்டட்டோ என்றேன்.

"வேண்டாம்," என்றான். "நான் வரேல்ல. ஆனா அது திறந்திருக்கட்டும்."

நான் கதவை நன்றாக அகட்டி, சுவரோடு சேர்த்து விட்டுவிட்டு, சத்தம் போடுகிற மற்றவர்கள் பக்கம் நடந்தேன்.